அத்தியாயம் 6: பிஜி மருத்துவரிடம் அவருடைய கணக்கைக் கொடுப்பது

லேபர் வார்டில் இரண்டு வருடம் டூட்டி பார்த்த ஒரு பிஜியிடம், "நீங்க பார்த்த சிவியர் பிபி தாய்மார்கள்ல எத்தனை பேருக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள மருந்து போயிருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "எல்லாருக்கும் போட்டுடுவோம் சார்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. தாமதமான கேஸில் வலிப்பு வந்தால் அது ஆயுசுக்கும் மறக்காது. வராமல் தப்பிவிட்டால் அடுத்த அட்மிஷன் வரும்போதே மறந்துவிடும். ஆகவே அவருடைய நினைவில் எல்லாருக்கும் நேரத்துக்கு மருந்து போயிருக்கிறது. லாக்புக்கைத் திறந்தாலும் எத்தனை சிசேரியன், எத்தனை ஃபோர்செப்ஸ் என்றுதான் இருக்கும். எப்படிச் செய்தார் என்பதற்கு அதில் கட்டம் கிடையாது.

அமெரிக்காவில் பட்டமேற்படிப்பு மருத்துவப் பயிற்சிக்கு அங்கீகாரம் தரும் ஏசிஜிஎம்இ, பயிற்சி மருத்துவர்களுக்கு அவர்கள் பார்க்கும் நோயாளிகள் சார்ந்த தர அளவீடுகளைக் கொடுத்தாக வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறது. நம் கல்லூரிகளில் அப்படி ஒரு பழக்கம் வேரூன்றவில்லை. ஆனால் அதற்கு மென்பொருளோ தனி ஊழியரோ வேண்டியதில்லை. மாதத்தில் ஒரு பிற்பகலும் பிஜி ஒருவருக்கு இருபது கேஸ் ஷீட்டும் போதும். இந்த அத்தியாயம் யூனிட் சீஃப்களுக்கும் அசிஸ்டன்ட் புரொபசர்களுக்கும் (ஏபி) எழுதப்பட்டது. உதாரணங்கள் மகப்பேறு துறையைச் சேர்ந்தவை. அங்கேதான் நிமிடக் கணக்கு கேஸ் ஷீட்டிலேயே இருக்கும். மற்ற துறைக்காரர்கள் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

எந்த எண்ணைக் கொடுப்பது

பிஜி தன் கையால் நாளைக்கே மாற்றக்கூடிய எண்ணை மட்டும் அவருக்குக் கொடுங்கள். மற்றதெல்லாம் யூனிட்டின் கணக்கு, சீஃபின் கணக்கு. இந்த ஒன்றில் தவறினால் பின்னால் வரும் எதுவும் பலிக்காது.

பலரும் முதலில் கைவைப்பது சிசேரியன் விகிதத்தில். அது எளிதாகக் கிடைக்கும், மேலிடமும் கேட்கும். ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். நாட்டின் சராசரி 21.5 சதவீதம். கவலைப்பட வேண்டிய எண்தான். ஆனால் அதை ஒரு முதலாண்டு பிஜியின் பெயருக்கு நேரே எழுதினால் என்ன அர்த்தம்? சிசேரியன் முடிவை எடுப்பது டூட்டி ஏபியோ சீஃபோ. பிஜி செய்வது அறுவை மட்டும். தாலுகா மருத்துவமனையிலிருந்து எட்டு மணி நேரம் வலியோடு அனுப்பப்பட்டவரும், முன்பு இரண்டு சிசேரியன் ஆனவரும் யார் டூட்டியில் வருகிறார்கள் என்பதை பிஜி தீர்மானிப்பதில்லை. சிசேரியன் விகிதத்தைப் பார்க்க உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்த ராப்சன் பத்துப் பிரிவு முறை இருக்கிறது. முதல் பிரசவம், தானாக வலி வந்தவர் ஒரு பிரிவு. வலி வரவழைக்கப்பட்டவர் இன்னொரு பிரிவு. முந்தைய சிசேரியன் உள்ளவர் ஐந்தாம் பிரிவு என்று பிரித்துப் பார்ப்பது அது. அதை யூனிட்டுக்குப் போடுங்கள், சுவரில் ஒட்டுங்கள். பிஜியின் தாளில் சேர்க்காதீர்கள்.

அமெரிக்காவில் சின்சினாட்டியைச் சேர்ந்த குழந்தைகள் நல மருத்துவர் டேனியல் ஷூமாக்கரும் அவர் குழுவினரும் இந்தச் சிக்கலுக்காகவே தனி அளவீடுகளை உருவாக்கினார்கள். குழந்தைகள் அவசரப் பிரிவில் ஆஸ்துமா, பிராங்கியோலைட்டிஸ், தலைக்காயம் ஆகிய மூன்றிலும் பயிற்சி மருத்துவரே செய்யக்கூடிய வேலைகள் எவை என்று பிரித்தெடுத்து, அவற்றை மட்டும் அளந்தார்கள். லேபர் வார்டுக்கும் அதே வழிதான். நான் மூன்று எண்களைச் சிபாரிசு செய்வேன்.

முதலாவது, சிவியர் பிபி. 160/110 அல்லது அதற்கு மேல் பதிவாகி, 15 நிமிடம் கழித்து எடுத்தபோதும் இறங்காதவர்களில் எத்தனை பேருக்கு 60 நிமிடத்துக்குள் முதல் டோஸ் லேபட்டலாலோ நிஃபெடிபினோ போயிருக்கிறது? அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் 30 முதல் 60 நிமிடம் என்கிறது. பெரும்பாலும் பிஜியின் கையில் இருக்கும் வேலை இது. தாமதமானால் மூளையில் ரத்தக்கசிவு வரை போகக்கூடிய வேலையும் இதுதான்.

இரண்டாவது, ரத்தப்போக்கை அளந்து எழுதியது. கேஸ் ஷீட்டில் "மினிமல் பிளீடிங்" என்று எழுதுவது அளவு ஆகாது. மில்லிலிட்டரில் எழுதியிருந்தால்தான் கணக்கு. கீழே அளவுக்கோடு போட்ட பை வைத்த விரிப்பு கர்நாடகத்தின் பெல்காமில் நடந்த ஆய்வுக்காக உருவானது. நம் பக்கத்துச் சரக்கு. 2023-இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வில் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 மருத்துவமனைகள் கலந்துகொண்டன. அளவு விரிப்பும் ஒருங்கிணைந்த சிகிச்சையும் தந்த இடங்களில் ரத்தப்போக்கைக் கண்டுபிடித்தது 93.1 சதவீதம், வழக்கப்படி நடந்த இடங்களில் 51.1. அந்த ஆய்வில் விரிப்போடு சேர்த்து ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அதன் எண்களை அச்சிட்டுக் கொடுத்துவந்தார்கள் என்பது நம் அத்தியாயத்துக்கு முக்கியம்.

மூன்றாவது கொஞ்சம் வம்பானது: சிக்கலில்லாத சிசேரியனுக்குப் பிறகு எத்தனை நாள் ஆன்டிபயாடிக் எழுதினார் என்பது. அறுவைக்கு முன் தடுப்பாகக் கொடுத்ததை அறுவை முடிந்த பிறகும் நீட்டிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இலேயே சொல்லிவிட்டது. பல வார்டுகளில் ஊசி மூன்று நாள், பிறகு மாத்திரை என்று ஓடுகிறது. எழுதும் கை பிஜியுடையது, ஆனால் எழுதவைப்பது யூனிட்டின் வழக்கம். ஆகவே இதைத் தொடங்கும் முன் சீஃப் தன் நிலைப்பாட்டை எழுத்தில் சொல்லிவிட வேண்டும். அவர் சொல்லாதவரை இந்த எண் பிஜியின் தாளில் வரக்கூடாது.

பார்டோகிராம் நிரப்பியதை அளக்கலாமே என்பார்கள். வேண்டாம். பிரசவம் முடிந்து, தையலும் போட்டு, டீ குடித்துவிட்டு வந்து பார்டோகிராமை ஒரே பேனாவில் ஒரே மூச்சில் வரையும் வழக்கம் எல்லாருக்கும் தெரிந்தது. நிரப்பியதை எண்ண ஆரம்பித்தால் நிரப்புவது கூடும், பார்ப்பது கூடாது. முடிவெடுத்த நேரத்திலிருந்து அறுவை தொடங்கும் நேரம் வரையிலான இடைவெளிக்கும் இதே கதிதான். அதை எண்ணத் தொடங்கிய மாதத்திலிருந்து முடிவெடுத்த நேரம் கேஸ் ஷீட்டில் மெல்ல மெல்லப் பின்னால் நகரும்.

எண்ணுவது

அளவுகோலை முதலில் காகிதத்தில் எழுதுங்கள். எந்த பிபி கணக்கில் வரும், கடிகாரம் எப்போது தொடங்கும் (இரண்டாவது பதிவில்), வெளியிலிருந்து ஏற்கெனவே மருந்து போட்டு அனுப்பப்பட்டவரைச் சேர்ப்பதா விடுவதா (விடுங்கள்). இது இல்லாமல் எண்ணத் தொடங்கினால் முதல் கூட்டம் முழுக்க "அந்தக் கேஸ் இதுல வராது சார்" என்ற வாக்குவாதத்தில் போய்விடும்.

பிஜி ஒருவருக்கு, அளவுகோலில் வரும் கேஸ்களில் கடைசி இருபதை வரிசையாக எடுங்கள். பொறுக்கக்கூடாது. அவ்வளவு சேராவிட்டால் அந்த மாதம் கிடைத்ததோடு சரி. டிஸ்சார்ஜ் ஆன ஷீட் எம்ஆர்டிக்குப் போய்விட்டால் திரும்ப வாங்குவதற்குள் மாதம் ஓடிவிடும். ஆகவே டிஸ்சார்ஜ் மேஜையிலேயே ஒரு நோட்டு வையுங்கள். அதில் ஐபி எண், இரண்டு நேரங்கள், டூட்டி பிஜியின் பெயர், அவ்வளவுதான். நோயாளியின் பெயர் அதில் வரவேண்டியதில்லை.

எண்ணுவது யார்? தன் கணக்கைத் தானே எண்ணச் சொன்னால் பிஜிக்கு இன்னொரு கிளார்க் வேலை கூடும். ஏற்கெனவே அவர் சுமப்பது போதாதா? ஒருவர் ஷீட்டை இன்னொருவர் எண்ணுவது நல்லது. எண்ணுகிறவரும் கற்றுக்கொள்வார், பிறர் ஷீட்டில் நேரம் எழுதாத கோபம் தன் ஷீட்டில் நேரம் எழுதவைக்கும். மாதத்துக்கு ஐந்து ஷீட்டை ஏபி தானே மறுபடி எண்ணிச் சரிபார்க்க வேண்டும்.

நேரமே எழுதாத ஷீட்டை என்ன செய்வது? "பதிவு இல்லை" என்று தனியாகக் காட்டுங்கள், தாமதத்தோடு சேர்க்காதீர்கள். பல யூனிட்களில் முதல் மாதம் தெரியவரப்போவது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆறுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் இல்லை

ஒரு பிஜி உண்மையிலேயே பத்தில் எட்டுப் பேருக்கு நேரத்தில் மருந்து கொடுப்பவர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய இருபது கேஸில் நான்கு தவற வேண்டும். ஆனால் எதுவும் மாறாமலே, வெறும் தற்செயலால், ஒரு மாதம் ஒன்று தவறலாம், இன்னொரு மாதம் ஏழு தவறலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் நூறு மாதத்தில் சுமார் 95 மாதம் ஒன்றுக்கும் ஏழுக்கும் இடையில் எங்கேயாவது விழும். ஆகவே போன மாதம் மூன்று, இந்த மாதம் ஆறு என்றால் "ஏன் கெட்டுப்போச்சு?" என்று கேட்பதில் அர்த்தமில்லை. அதே காரணத்தால் ஆறு மூன்றானதற்கு இனிப்பு வாங்கிக் கொடுப்பதிலும் அர்த்தமில்லை.

சராசரியை ஒரு மாதத்தில் தேடாதீர்கள். மூன்று மாதத்தைச் சேர்த்துப் பாருங்கள். அந்த மாதத்தில் பார்க்க வேண்டியது தவறிய கேஸ்களைத்தான். நான்கு தவறினால் நான்கு கேஸ் ஷீட், நான்கு கதை. எண் அந்த நான்கு ஷீட்டையும் மேஜைக்குக் கொண்டுவரும் கருவி, அதற்கு மேல் இல்லை. யூனிட்டில் ஐந்து பிஜி இருந்தால் எப்போதும் ஒருவர் கடைசி இடத்தில் இருப்பார். தற்செயல் ஒருவரை அங்கே உட்காரவைத்ததற்காக அவரைத் திட்டும் சீஃப், அடுத்த மாதம் அவர் தானாக மேலே வந்ததும் திட்டியது பலித்துவிட்டது என்று நம்பிவிடுவார். நம் வார்டுகளில் இந்த நம்பிக்கை பரவலாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்குதான்.

தாள்

ஒரே பக்கம். மேலே அவருடைய மூன்று எண், பக்கத்தில் யூனிட் முழுவதற்குமான எண், அதற்குப் பக்கத்தில் யூனிட்டிலேயே நன்றாகச் செய்பவர்களின் எண். "11 பேரில் 7 பேர்" என்று எழுதுங்கள். 63.6 சதவீதம் என்று எழுதினால் இல்லாத துல்லியம் வந்து உட்கார்ந்துகொள்ளும். கீழே தவறிய கேஸ்களின் ஐபி எண்கள். அடியில் ஒரு வெற்றுக் கோடு: அடுத்த மாதம் மாற்றப்போகும் ஒரு காரியத்தை பிஜி தன் கையால் அதில் எழுதவேண்டும்.

சராசரியோடு மட்டும் ஒப்பிட்டால் நடுவில் இருப்பவர் இதுவே போதும் என்று நிறுத்திவிடுவார். லாஸ் ஏஞ்சலிஸ், பாஸ்டன் நகரங்களின் 47 கிளினிக்குகளில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், சளி, இருமலுக்குத் தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் எழுதுவதைக் குறைக்க, மருத்துவர்களுக்கு அவர்கள் மிகச் சிறப்பாகச் செய்பவர்களின் வரிசையில் இருக்கிறார்களா இல்லையா என்று மட்டும் மாதாமாதம் மின்னஞ்சல் போனது. தேவையற்ற மருந்து 19.9 சதவீதத்திலிருந்து 3.7-க்கு இறங்கியது. எந்த உத்தியும் பயன்படுத்தாத கிளினிக்குகளிலும் 24.1-இலிருந்து 13.1-க்கு இறங்கியது என்பதையும் சேர்த்தே படியுங்கள்; கண்காணிக்கிறார்கள் என்று தெரிந்தாலே கொஞ்சம் குறையும் போல.

ஒவ்வொரு மாதமும் முதல் தாள் சீஃபுடையதாக இருக்கட்டும். பாஸ்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன், 1911 முதல் 1916 வரை தன் சிறிய மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 337 பேரின் சிகிச்சையில் 123 பிழைகளைத் தானே பட்டியலிட்டு, அச்சிட்டு ஊருக்கே அனுப்பினார். அவ்வளவு தூரம் போக வேண்டாம். தன் அட்மிஷன் நாளில் யூனிட் தவறவிட்ட கேஸ்களை முதலில் மேஜையில் வைக்கும் சீஃபுக்கு, பிஜியின் தாளை எடுத்துப் பேசும் தைரியம் தானாக வரும்.

பேசுவது

தாளை மட்டும் கையில் திணித்துவிட்டுப் போனால் பெரிய பலன் இல்லை. 140 ஆய்வுகளைத் தொகுத்த 2012-ஆம் ஆண்டின் காக்ரேன் அறிக்கைப்படி, எண்களைக் காட்டியதால் வந்த நடுத்தர முன்னேற்றம் வெறும் 4.3 சதவீதப் புள்ளி. கால்வாசி ஒப்பீடுகளில் அரைப் புள்ளிகூடத் தேறவில்லை; இன்னொரு கால்வாசியில் 16-க்கும் மேல். எங்கே அதிகம் பலித்தது என்றும் அறிக்கை சொல்கிறது: தொடக்கத்தில் மோசமாக இருந்த இடங்களில், மேலதிகாரியோ சகாவோ சொன்னபோது, ஒருமுறைக்கு மேல் சொன்னபோது, எழுத்திலும் பேச்சிலும் சேர்த்துச் சொன்னபோது, இலக்கும் செயல்திட்டமும் இருந்தபோது. யூனிட் ஏபியைவிட இதற்குப் பொருத்தமான ஆள் கிடையாது.

பேச்சு ஆளைப் பற்றித் திரும்பிவிட்டால் கெட்டது. குளூகர், டெனிசி என்ற உளவியலாளர்கள் 1996-இல் தொகுத்துப் பார்த்தபோது, கருத்துச் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட தடவைகளில் வேலை மோசமாகியிருந்தது. கவனம் வேலையை விட்டு "நான் எப்படிப்பட்டவன்" என்ற கேள்விக்குப் போகும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் வாதம். ரவுண்ட்ஸில் பத்துப் பேர் முன்னால் கேட்டால் அங்கேதான் போகும். ஆகவே ஏபியின் அறை, பத்து நிமிடம், தவறிய கேஸ் ஷீட்கள் மேஜையில். இரண்டாமாண்டு பிஜியோடு பேச்சு இப்படிப் போகலாம்:

"உட்காரும்மா. 11 பேர்ல 7 பேருக்கு நேரத்துக்குப் போயிருக்கு. மீதி நாலு ஷீட்டும் இங்க இருக்கு. பாத்துட்டு நீயே சொல்லு."

"நாலுமே நைட் டூட்டி மேடம்."

"சரி. அப்புறம்?"

"மூணுல ஆர்டர் உடனே எழுதியிருக்கேன் மேடம். ஊசி போட்ட நேரம்தான் லேட். லேபட்டலால் நைட்ல லேபர் வார்டுல இருக்காது. போஸ்ட் ஆபரேட்டிவ் வார்டு சிஸ்டர்கிட்ட போய் வாங்கிட்டு வரணும்."

"நாலாவது?"

"அது என்னோடது மேடம். தியேட்டர்ல அசிஸ்ட் பண்ணிட்டிருந்தேன். சிஆர்ஆர்ஐ போன் பண்ணாங்க. முடிச்சுட்டு வந்து பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன்."

"அடுத்த தடவை போன் வந்தா?"

"டூட்டி ஏபிக்கு உடனே போன் பண்ணச் சொல்லணும் மேடம். நிஃபெடிபின் மாத்திரை எமர்ஜென்சி ட்ரேயிலயே இருந்தா இன்னும் சீக்கிரம் கொடுத்துடலாம்."

"இப்ப சொன்னியே, அதை அந்தக் கோட்டுல எழுது. லேபட்டலால் விஷயம் என் வேலை. நான் சிஸ்டர் இன்சார்ஜ்கிட்ட பேசறேன்."

நான்கில் மூன்று பிஜியின் குறை இல்லை என்பதைக் கவனியுங்கள். இரவில் லேபர் வார்டில் மருந்து இல்லாததன் குறை. ஏபி தன் பங்கை அந்த வாரமே முடித்துக் காட்ட வேண்டும். ட்ரேயில் லேபட்டலால் வந்து சேராமலே அடுத்த மாதமும் அதே எண்ணைக் காட்டிக் கேள்வி கேட்டால், அந்தத் தாளை பிஜி அன்றோடு மதிக்க மாட்டார்.

செய்யக்கூடாதவை

யூனிட் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பெயருக்குப் பதில் ஏ, பி, சி என்று போட்டாலும் ஐந்து பேர் உள்ள யூனிட்டில் யார் சி என்று லிஃப்ட் ஆபரேட்டருக்குக்கூடத் தெரியும்.

இன்டர்னல் மதிப்பெண்ணோடு சேர்க்காதீர்கள். தேர்வுக்கு அனுப்புவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தொடக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். நம் மருத்துவமனைகளில் ஷீட்டை யாராவது எடுத்துப் புரட்டினாலே பிஜிக்கு நினைவுக்கு வருவது தாய் மரண ஆய்வுக் கூட்டம்தான்: கலெக்டர் முன்னால் நிற்பது, விளக்கக் கடிதம், மெமோ. அந்தக் கூட்டங்களால் மாநிலத்துக்கு நன்மை உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பயத்தில் எழுதப்படும் கேஸ் ஷீட்டில் நேரங்கள் எல்லாம் அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. மாதாந்தரத் தாள் ஒருமுறை மெமோவுக்கு ஆதாரமானால் போதும், அடுத்த மாதத்திலிருந்து எல்லாருக்கும் 55 நிமிடத்தில் மருந்து போய்ச் சேர்ந்திருக்கும்.

கைத்திறனுக்கு வேறு வழி

ஸ்பைனல் போடுவது, வேக்யூம் வைப்பது போன்றவற்றுக்கு மாதாந்தரத் தாள் பொருந்தாது. அதற்கு கியூசம் வரைபடம் சுலபம், கிராப் தாளே போதும். பத்துக்கு ஒன்று தவறுவதை ஏற்கலாம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வெற்றிக்கும் கோடு 0.1 இறங்கும், ஒவ்வொரு தோல்விக்கும் 0.9 ஏறும். பழகும் காலத்தில் ஏறி, பிறகு சமமாகி, இறங்கத் தொடங்கும். இறங்கிய கோடு மீண்டும் ஏறினால் அடுத்த கேஸில் சீனியர் பக்கத்தில் நிற்க வேண்டும். லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையின் மார்க் டி லெவால், பிறந்த குழந்தைகளுக்குச் செய்த 104 இதய அறுவைகளை இப்படி வரிசைப்படுத்தி 1994-இல் வெளியிட்டார். முதல் 52-இல் ஒரே ஒரு மரணம். 53-க்கும் 68-க்கும் இடையில் ஏழு. கியூசம் தொடக்கக்காரர்களுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் அந்தக் கட்டுரையைப் படிக்கலாம்.

எப்போது நிறுத்துவது

ஒரு எண்ணில் யூனிட் தொடர்ந்து மூன்று மாதம் இருபதுக்குப் பத்தொன்பதில் நின்றால் அதைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுங்கள். ஆறு மாதம் கழித்து இருபது ஷீட் எடுத்து ஒருமுறை பார்த்தால் போதும். மூன்று எண்ணுக்கு மேல் எப்போதும் வேண்டாம். மாவட்ட ரெசிடென்சிக்கு மூன்று மாதம் போய்விட்டு வரும் பிஜிக்கு முதல் மாதம் பழைய தாளையே காட்டுங்கள், போன இடத்தைப் பற்றிக் கேளுங்கள். அங்கே மருந்து வைக்கும் முறை நம்மைவிட நன்றாக இருந்திருக்கலாம். சிஆர்ஆர்ஐக்கு ஒரே ஒரு எண் போதும்: பிரசவத்துக்குப் பிறகு பிபி பார்த்து எழுதினாரா என்பது. புதிய முதலாண்டு பேட்ச் வந்ததும் முதல் இரண்டு மாதம் அவர்களுக்குத் தனித்தாள் வேண்டாம். சீனியர்களின் ஷீட்டை எண்ணும் வேலையை அவர்களுக்குக் கொடுங்கள். மூன்றாம் மாதம் தாங்களாகவே "எங்க தாள் எப்ப சார்?" என்று கேட்டால் கொடுக்கலாம், கேட்காவிட்டாலும் நான்காம் மாதம் கொடுத்துவிடுங்கள்.